மிச்சமிருந்த பொட்டலம்

தர்மேந்திரனை ஒரே வாரத்தில் இரண்டு ஊர்கள் கூப்பிட்டன. இருபத்தேழு வயதுவரை ஒரு பெண்கூடத் திரும்பிப் பார்க்காத ஆளை, கோலாலம்பூரும் சிங்கப்பூரும் போட்டி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை கேட்டு வந்த மாதிரி இருந்தது. அந்த நிலைமையில் ஒரு ஆண்மகன் செய்ய வேண்டியதை அவன் உடனே செய்தான். போய்ப் படுத்துக்கொண்டான்.

பாலிடெக்னிக் முடித்ததிலிருந்து ஈப்போவில் ஒரு சின்ன அலுவலகத்தில், கணினியில் கட்டட வரைபடம் போடுகிற வேலை. வரைபடம் என்றதும் கேட்பவர்கள் மாளிகையை நினைத்துக்கொள்வார்கள். அவன் போட்டதில் முக்கால்வாசி கழிவறை. ஈப்போவைச் சுற்றி லகாட்டிலோ கோப்பெங்கிலோ புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பு வீட்டில் யாராவது கழிவறைக் கதவைத் திறந்ததும் முட்டியை இடித்துக்கொண்டால், அந்த வலி அவன் போட்ட கையெழுத்து.

கோலாலம்பூர்க்காரர்கள் தருவதாகச் சொன்னது முப்பத்தெட்டு மாடி அடுக்ககம். அதாவது அதே கழிவறை, முப்பத்தெட்டுத் தடவை. சிங்கப்பூர்க்காரர்கள் தருவதாகச் சொன்னது தரைக்கடியில் ஒரு ரயில் நிலையம். நடைமேடை, நகரும் படிக்கட்டு, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் முட்டியை இடித்துக்கொள்ளாமல் நடந்து போகிற கூடம். அந்த மின்னஞ்சலைப் படித்தபோது அவனுக்குக் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. பக்கத்து மேசைக்காரர் கேட்டதற்கு, வெங்காயம் என்றான். அலுவலகத்தில் ஏது வெங்காயம் என்று அவரும் கேட்கவில்லை.

பிறகு ஏன் யோசிக்க வேண்டும்? அம்மா சரளா இருந்தாள். அப்பா இறந்தபின் அவள் லகாட் வீட்டில் அவனோடு மட்டும்தான். கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்தவளிடம் இரண்டு ஊரையும் சொன்னான்.

"உன் இஷ்டம்" என்றாள்.

அந்த இரண்டு சொல்லை எந்தத் தொனியில் சொன்னால் பிள்ளை மூன்று வாரம் தூங்க மாட்டான் என்பது அம்மாக்களுக்குத் தெரியும். கோலாலம்பூர் இரண்டரை மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். சிங்கப்பூர் அப்படி இல்லை.

எனவே அட்டவணை போட்டான். படித்தவன் இல்லையா. அம்மா, வேலை, மழை, நெரிசல், தோசை என்று வரிசையாக எழுதி இரண்டு ஊருக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், எழுபத்தொன்றுக்கு எழுபத்தொன்று. சமநிலையை உடைக்க 'முடி வெட்டும் கடை' என்று ஒரு வரி சேர்த்தான். சிங்கப்பூர் ஒன்று முந்தியது. உடனே மனசு கேட்காமல் 'அம்மா' வரியில் கோலாலம்பூருக்கு ஒன்று கூட்டினான். மறுபடி சமம்.

இதையெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் சுரேன். பள்ளிக்கூடத்து ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே பாலிடெக்னிக், இப்போது ஒரே ஈப்போவில் வேறு வேறு அலுவலகம். தினமும் சாயங்காலம் ஜைனுலாப்தீன் அண்ணன் தேநீர்க் கடையில் ஒரே மேசை. சிங்கப்பூர் வேலைக்கு அவனும் மனுப் போட்டிருந்தான். இடம் ஒன்றுதான், தர்மேந்திரனுக்குப் போய்விட்டது. "கொடுத்து வச்சவன்லா நீ" என்று சுரேன் கையைக் குலுக்கினான். தர்மேந்திரன் சும்மா இருந்திருக்கலாம். அன்று கடையில் எல்லாரும் கேட்க, "இன்டர்வியூல இவன் நல்லாப் பேசுனான், நான் பேசாம இருந்தேன். அதான் என்னை எடுத்துட்டாங்க" என்றான். கடை சிரித்தது. சுரேனும் சிரித்தான். அவன் எவ்வளவு நேரம் சிரித்தான் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

சிங்கப்பூர்க்காரர்கள் திங்கட்கிழமை மதியத்துக்குள் பதில் கேட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம், எழுபத்திரண்டுக்கு எழுபத்திரண்டில் நின்ற அட்டவணையைச் சுரேன் பார்த்தான்.

"மச்சான், இது ஆவறதில்ல. சாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்."

"நான் எக்செல் போட்டவன்லா."

"எக்செல் என்ன சொல்லுச்சு?"

தர்மேந்திரன் அதற்குமேல் வாதாடவில்லை. உண்மையில் அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மாவிடம் சொன்னதும் அவளுக்கு முகமே மாறிவிட்டது. இந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு உருப்படியான யோசனை என்றாள்.

கோப்பெங் தாண்டி, பழைய ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்க்கான செம்பனை. நடுவில் முனீஸ்வரன் கோயில் மட்டும் மிச்சம். ஐயர் வெள்ளிக்கிழமைதான் வருவார். ஞாயிறு காலை, சாவி வைத்திருக்கும் ஐயாவு வந்து கதவைத் திறந்துவிட்டு, மீன் பிடிக்கப் போய்விட்டார்.

முறை எளிது. சிவப்பு ரோசா இதழ் ஒரு பொட்டலம், மல்லிகை ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் சிங்கப்பூர், வெள்ளை வந்தால் கோலாலம்பூர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்க வேண்டும். சாமி முன்னால் போட்டு, சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். பிள்ளைக்கு எங்கே போவது? "கல்யாணம் ஆவாதவன் எல்லாம் பிள்ளைதான்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். தர்மேந்திரன் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

"யாரு கட்டுறது?"

"நான் கட்டக் கூடாது. எனக்கு ஆசை இருக்கு" என்றாள் சரளா, ஒளிக்காமல். "சுரேன் கட்டட்டும். நமக்கு வேண்டிய பிள்ளை. ஆனா இதுல அவனுக்குன்னு ஒண்ணும் இல்ல."

சுரேன் பூத்தட்டையும் கிழித்த பத்திரிகைத் தாளையும் நூலையும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் குழாயடிக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பொட்டலத்தோடு வந்தான். இரண்டும் உருண்டையாக, அழகாக, இரட்டைப் பிள்ளை மாதிரி. வரைபடம் போடுகிற கை இல்லையா.

தர்மேந்திரன் கண்ணை மூடி வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தான். அம்மா பிரித்தாள். மல்லிகை. அவள் கற்பூரத்தை இன்னொரு தடவை ஏற்றினாள்.

"சாமியே சொல்லிருச்சு, மச்சான்" என்றான் சுரேன். தோளில் தட்டிவிட்டு, காரைத் திருப்பி வைக்கிறேன் என்று போனான்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. சாமி வேண்டாம் என்று சொன்னதை மனுஷன் பிரித்துப் பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகும். காலடியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். தர்மேந்திரனுக்கும் அது தெரியும். ஆனால் அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அங்கே தனியாகக் கிடந்த பொட்டலத்தைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது. ஊர்தான் கிடைக்கவில்லை, அந்த ஊருடைய பூவாவது இருக்கட்டுமே என்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மின்னஞ்சலுக்கே கண்ணீர் விட்டவன், ரயில் நிலையத்தை அனாதையாக விட்டுவிட்டு வருவானா?

திங்கள் காலை சிங்கப்பூருக்கு மறுப்புக் கடிதம் எழுதினான். நான்கு தடவை எழுதி, நான்கிலும் 'வருத்தத்துடன்' என்ற சொல்லை முதல் வரியிலேயே வைத்தான். அனுப்பிவிட்டு, கோலாலம்பூருக்குச் சரி என்று எழுதினான்.

அந்த வாரம் வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம், காருக்குள் உட்கார்ந்திருந்தான். சில்லறை போடுகிற குழியில், சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டிருந்த அந்தப் பொட்டலம் கிடந்தது. காலையிலிருந்து ஒரு கழிவறையை இடமாகத் திறப்பதா வலமாகத் திறப்பதா என்று வாடிக்கையாளர் ஆறு தடவை மனசு மாறியிருந்தார். தன் ரயில் நிலையத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நூலை அவிழ்த்தான்.

உள்ளே வாடிப் பழுப்பாகிப்போன மல்லிகை.

அவன் தாளை உதறிப் பார்த்தான். சிவப்பு இதழ் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவினான். பிறகு வாசம் பார்த்தான். நான்கு நாளானாலும் மல்லிகை, மல்லிகையாகத்தான் மணத்தது.

முதலில் அவனுக்குத் தோன்றியது அம்மா. அதை நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தாலும், வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட்டான்.

"அம்மா, பூவுல நீங்க கை வச்சீங்களா?"

சரளா அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "பிரிச்சியா? சாமி வேணாம்னதைப் பிரிச்சியா?" என்று ஆரம்பித்தவள், உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோலாலம்பூர் வரணும்னு வேண்டிக்கிட்டேன். அது நெசம். ஆனா கட்டுறதுல நான் கை வைக்கலை. தட்டுல ரெண்டு பூவும் வச்சுத்தானே குடுத்தேன்? கட்டுனது யாரு?"

"மறந்து ரெண்டுலயும் வெள்ளையப் போட்டிருப்பான்."

"சிவப்புக் காருதான் வேணும்னு மூணு மாசம் காத்திருந்து வாங்குனவன், சிவப்ப மறப்பானா?"

"நிறக்குருடுன்னு ஒண்ணு இருக்குலாம்மா. நடு வயசுல வருமாம்."

"இருபத்தேழா நடு வயசு?"

"எங்க வேலையில சீக்கிரம் வந்துரும்."

அம்மா சிரிக்கவில்லை. அவன் ராத்திரி முழுக்கச் சுரேனுக்காக வாதாடினான், தன்னோடு. காற்றடித்து இதழ் பறந்திருக்கும். குழாயடியில் தண்ணீர் பட்டிருக்கும். இல்லையென்றால், அம்மா தனியாக இருப்பாளே என்று நல்லெண்ணத்தில் செய்திருப்பான். அப்படித்தான் இருக்கும், அவன் எப்போதுமே அம்மாவுக்கு மருந்து வாங்கி வருகிறவன். விடியும்போது தர்மேந்திரன் அவனுக்கு நன்றி சொல்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனான். சுரேன் இன்னும் வரவில்லை. ஜைனுலாப்தீன் அண்ணன் தே தாரிக் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"என்ன தம்பி, கூட்டாளி சிங்கப்பூர் போறானாம். ரயில் ஸ்டேஷன் வரையுற வேலையாமே. இன்னும் மூணு வாரத்துல பஸ்ஸாம். நீயும் அவனும் சேந்து போவீங்கன்னுல நெனைச்சேன்."

தர்மேந்திரன் கோப்பையைப் பார்த்தான். மேலே நுரை இருந்தது. அதில் ஒரு ஓட்டை விழுந்து, பெரிதாகி, மூடிக்கொண்டது.

"தெரியும்ணே" என்றான். "நான்தான் போகச் சொன்னேன்."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே புரியவில்லை. ஏமாந்தவன் என்று தெரிவதைவிட வள்ளல் என்று தெரிவது பரவாயில்லை என்று வாய் தானாக முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. மூன்று வாரமாக அவனால் எடுக்க முடியாத முடிவுகளை வாய் மட்டும் எவ்வளவு சுலபமாக எடுக்கிறது!

சுரேன் வந்தான். உட்கார்ந்தான். ஜைனுலாப்தீன் அண்ணன் நகர்ந்தார்.

"ரெண்டும் வெள்ளை" என்றான் தர்மேந்திரன்.

எது ரெண்டும் என்று சுரேன் கேட்டிருந்தால் போதும். தர்மேந்திரன் காற்று, குழாயடி, நிறக்குருடு எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தான். சுரேன் அதைக் கேட்கவில்லை.

"எப்பப் பிரிச்ச?"

அவ்வளவுதான். இருபது வருஷம் ஒரே பெஞ்சு, அந்த இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது.

"நீ பிரிக்க மாட்டேன்னு நெனைச்சேன்" என்றான் சுரேன். "யாரும் பிரிக்க மாட்டாங்க."

"அங்கேயே விட்டுட்டு வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

ஜைனுலாப்தீன் அண்ணன் இன்னொரு கோப்பை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சுரேன் அதைத் தொடவில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் தன்னைக் கூப்பிட்டது பூக்கட்டியதற்கு முந்தின புதன்கிழமை என்றான். முதல் ஆள் வராவிட்டால் அடுத்த ஆள் நீதான், தயாராக இரு என்றார்களாம். வியாழக்கிழமை பூ யோசனை வந்ததாம்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன்" என்றான் தர்மேந்திரன். அது உண்மை.

"தெரியும். அதான் கேக்கலை."

"புரியல."

"நீ குடுத்தா, சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவ. கோவமாச் சொல்ல மாட்ட. ஜோக்காச் சொல்லுவ. என் கல்யாணத்துல சொல்லுவ, என் பிள்ள பொறந்த நாள்ல சொல்லுவ. எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிக்கணும். அது என்னால முடியாது மச்சான். ஏமாத்துறது அதைவிட ஈசி."

இந்த மாதிரி நேரத்துக்கென்றே தர்மேந்திரனிடம் எப்போதும் ஒரு ஜோக் இருக்கும். உள்ளே துழாவிப் பார்த்தான். இன்டர்வியூ பற்றித் தான் சொன்னதும், கடை சிரித்ததும் மட்டும் ஞாபகம் வந்தது.

"அது ஜோக்குலா" என்றான், யாரும் கேட்காமலே.

"நீ நெசமாவே சிங்கப்பூர் வேணும்னு நெனைச்சிருந்தா பூவ நம்பியிருப்பியா?"

"கட்டிப் பாக்கச் சொன்னது நீ."

"ஆமா" என்றான் சுரேன். "நான்தான்."

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த மேசையில் தர்மேந்திரன் தனியாக உட்கார்ந்தான். சிங்கப்பூருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பார்த்தான். 'அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது, தங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்' என்று மரியாதையாக வந்தது. எதிர்காலம் எங்கே போனது என்று அவனுக்குத் தெரியும். சிவப்புக் காரில் ஈப்போவுக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சுரேனிடமிருந்து ஒரு வரி வந்தது. 'நாளைக்கு பத்து மணி பஸ், அமான்ஜெயா. நீ வர மாட்டேன்னு தெரியும்.'

ஞாயிறு காலை தர்மேந்திரன் சாமி படத்துக்கு முன்னாலிருந்து ஒரு ரோசா இதழும் நாலு மல்லிகையும் எடுத்தான். பழைய பத்திரிகையைக் கிழித்தான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குக் கட்டுற?"

"எனக்குத்தான்."

"சரியாக் கட்டு" என்றாள், அவ்வளவுதான்.

அமான்ஜெயா பஸ் நிலையத்தில் சுரேன் இரண்டு பெட்டியோடு நின்றான். பக்கத்தில் அவன் அம்மா இருளாயி, வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. தர்மேந்திரனைக் கண்டதும் அதைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சுரேன் எல்லாம் சொன்னான்ப்பா. உனக்குக் கெடைச்ச எடத்தை இவனுக்கு விட்டுக் குடுத்தியாமே. கூடப் பொறந்தவன்கூடச் செய்ய மாட்டான்."

தர்மேந்திரன் சுரேனைப் பார்த்தான். சுரேன் பெட்டியின் பிடியைப் பார்த்தான். ஒரு வரி போதும், அத்தனையும் கவிழ்ந்துவிடும். அந்த வரி அவன் நாக்கு நுனியில் இருந்தது, நல்ல சூடாக. நாசி லெமாக்கின் சூடு இருளாயியின் கையில் இன்னும் இருந்தது.

"அதனால என்ன, அத்தே" என்றான். "எனக்குக் கோலாலம்பூர்தான் பக்கம்."

அவள் தண்ணீர்ப் புட்டி வாங்கப் போனபோது தர்மேந்திரன் சட்டைப்பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து, விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அவன் கட்டியதில் ஒன்று கொஞ்சம் சப்பை, எதில் எந்தப் பூ என்பது அவனுக்கே குழம்பிவிட்டது. வரைவதில் மட்டும்தான் அவன் கை நேர்த்தி.

"சிவப்புன்னா உன்ன மன்னிச்சுட்டேன். வெள்ளைன்னா இல்ல. மூணு வாரமா யோசிக்கிறேன், எனக்கே தெரியல. நீ எடு."

சுரேன் பார்த்தான். கை வரவில்லை.

"ரெண்டுலயும் ஒரே பூதானே?" என்றான்.

அன்று வாடின மல்லிகையைப் பார்த்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. "எல்லாரும் உன்ன மாதிரின்னு நெனைக்காத" என்றான் தர்மேந்திரன். மெதுவாகத்தான் சொன்னான்.

சுரேன் சப்பையான பொட்டலத்தை எடுத்தான். பிரிக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டான். இருளாயி புட்டியோடு வந்தாள், பஸ் வந்தது, அவள் அழுதாள், கதவு மூடியது. கண்ணாடி கறுப்பு என்பதால் சுரேன் எந்தப் பக்கம் உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. இருந்தாலும் இருளாயி எல்லாக் கண்ணாடிக்கும் கையசைத்தாள். பிறகு தர்மேந்திரன் அவளை வீட்டில் இறக்கிவிட்டான். வழியெல்லாம் அவள் அவனைப் புகழ்ந்துகொண்டே வந்தாள்.

அவள் இறங்கிய பிறகு, அவள் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி, மிச்சமிருந்த பொட்டலத்தைக் கையில் எடுத்தான். பிரிக்கக் கூடாதது. ஆனால் ஒரு தடவை பிரித்தவனுக்கு இரண்டாவது தடவை கூச்சம் இருப்பதில்லை.

சிவப்பு.

மன்னிப்பு இங்கே, அவன் கையில். சுரேனின் பையில், தெற்கே போய்க்கொண்டிருக்கிற பஸ்ஸில், வெள்ளை. ஒரே ஒரு பொட்டலம் இடம் மாறியிருந்தால் போதும். சாமி இந்த முறையாவது சரியாகச் சொன்னதா, இல்லை இதுவும் வெறும் மனுஷக் கைதானா?

கைப்பேசி அதிர்ந்தது. சுரேன். பஸ் கோப்பெங் தாண்டியிருக்க வேண்டும்.

'பிரிக்கலை மச்சான். பிரிக்கவா?'

பிரி என்றால் உண்மை. உண்மையாகவே அவன் இன்னும் மன்னிக்கவில்லை. நாளைக்குக் கோலாலம்பூரில் முப்பத்தெட்டுக் கழிவறைகளுக்கு முன்னால் போய் உட்காரும்போதும் மன்னித்திருக்க மாட்டான். இருளாயி வீட்டுக்குள் சாமி விளக்கு ஏற்றுகிற சத்தம் கேட்டது, தீப்பெட்டி இரண்டு தடவை உரசியது.

'பிரிக்காதே' என்று அனுப்பினான்.

அன்றைக்குச் சுரேன், இன்றைக்கு அவன்: பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொண்டு சொல்லாமல் இருந்தவர்கள் இரண்டு பேராகிவிட்டார்கள். அவன் சிவப்பு இதழைச் சில்லறைக் குழியில் போட்டுவிட்டு, காரைக் கிளப்பினான்.